மஞ்சளிலிருந்து சிவப்புக்கு

2015 ஜூலை 1 அன்று, பிரிட்டனின் வடக்கு வேல்ஸில் ஹெலிகாப்டர் மீட்புப் பணி விமானப்படையிடமிருந்து கைமாறியது. ஆங்கிள்சீ தீவில் வாலி விமானப்படைத் தளத்தில் நின்ற மஞ்சள் சீ கிங் ஹெலிகாப்டருக்கு ஓய்வு. மெனாய் நீரிணையைத் தாண்டி கார்னர்வனில் கடலோரக் காவல் அமைப்பின் சிவப்பு வெள்ளை எஸ்-92 ஹெலிகாப்டர் பொறுப்பேற்றது. அதை இயக்கியது ஒரு தனியார் நிறுவனம். பிரிட்டன் முழுவதற்குமான 10 ஆண்டு ஒப்பந்தம், 160 கோடி பவுண்டு. ஹெலிகாப்டரின் விஞ்ச், அதாவது கயிறு இறக்கி ஏற்றும் இயந்திரம்; அதன் கயிற்றில் இறங்கி ஆளைத் தூக்கி வருவதுதான் என் வேலை. விமானப்படைச் சீருடையைக் கழற்றிவிட்டு நானும் அந்தப் பக்கம் போனேன்.

போவதற்கு முன்பு, லான்பெரிஸ் மலைமீட்புக் குழுவில் பல வருடப் பழக்கமுள்ள ஒரு தன்னார்வலர் கேட்டார்: “கம்பெனிக்காரங்க ஆயிட்டா, ராத்திரியில மேகத்துக்குள்ள வருவீங்களா?” அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கேபினுக்குள் பெரிதாக எதுவும் மாறவில்லை. இரண்டு விமானிகள், கயிற்றை இயக்கும் ஒரு விஞ்ச் ஆப்பரேட்டர், நான். பகலில் 15 நிமிடத்தில், இரவில் 45 நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்ற கணக்கும் பழையதுதான். கதவோரம் படுத்தபடி ஆப்பரேட்டர் சொல்லிக்கொண்டே வருவார்: “முன்னால் ஐந்து... வலது இரண்டு... நில்.” விமானிக்கு அடியில் இருப்பது தெரியாது, அந்தக் குரல்தான் அவருக்குக் கண். சீருடை போனாலும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. சிவில் லைசென்ஸுக்காக விமானி நண்பர்கள் மறுபடி பரீட்சைக்குப் படித்தார்கள். பணிநேர வரம்பு, படிவங்கள் எல்லாம் புதிது. சரி, அதெல்லாம் பழகிவிடும்.

பழகச் சிரமப்பட்டது காற்றுக்குத்தான். சீ கிங் பத்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எஸ்-92 முழு எடையில் பன்னிரண்டு டன். அந்த எடையைத் தாங்கும் காற்று முழுக்கக் கீழேதான் இறங்குகிறது. அங்குள்ள கிரிப் காக் என்ற மலைமுகட்டுக்குக் கீழே, கால் முறிந்து கிடந்த ஒருவரிடம் முதல்முறை இறங்கியபோதுதான் அது உறைத்தது. சீ கிங் காலத்து உயரத்தில் நின்றோம். சிறு கற்கள் பறந்தன, யாரோ ஒருவரின் முதுகுப்பை சரிவில் உருண்டது. தன்னார்வலர் ஒருவர் காயம்பட்டவர் மேல் கவிழ்ந்து, தன் முதுகால் அவரை மறைத்துக்கொண்டார். நான் கையைக் காட்டினேன். ஆப்பரேட்டர் ஹெலிகாப்டரை மேலே ஏற்றச் சொன்னார். கயிறு நீண்டது, நான் அதிகம் சுழன்றேன், ஆனால் கீழே காற்று அடங்கியது.

ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்து சேரும்வரை பணம், ஒப்பந்தம் எதுவும் எங்கள் நால்வர் நினைவிலும் இல்லை. அந்த நண்பரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். ஆனால் அதை வாயால் சொல்லி என்ன பயன்?

அடுத்த பயிற்சி மாலையில் மலைமீட்புக் குழுவைக் கார்னர்வனுக்கு அழைத்தோம். ஹெலிகாப்டர் மேலே நிற்க, எங்கே மண்டியிட வேண்டும், பைகளை எதோடு கட்ட வேண்டும், நாங்கள் எவ்வளவு உயரத்தில் நிற்போம் என்று ஒவ்வொருவரையும் அந்தக் காற்றில் நிறுத்திக் காட்டினோம். கேள்வி கேட்ட நண்பரும் வந்திருந்தார். முதலில் மண்டியிட்டவர் அவர்தான்.