துணைக்காலுக்குத் தனிக் காசா?

அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து வருடம் ஆனதற்காக எனக்கு ஒரு கைப்பை கொடுத்தார்கள். கருநீலத் தோல், பித்தளைக் கொக்கி, மூடியின் மேல் பொன் நிறத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள். நடு எழுத்து பெரிது, இரு பக்கமும் இருப்பவை சிறிது. எனக்கு நகை என்றால் உயிர், பெயர் பொறித்த சாமான் என்றால் அதைவிட உயிர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் சொல்லிவைத்துச் செய்து வாங்கியிருக்கிறார்கள். கை தட்டினார்கள், நானும் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்து பையை மடியில் வைத்த பிறகுதான் எழுத்துகளைச் சேர்த்து வாசித்தேன். முதலில் இரண்டு வயிறு உள்ள பி. நடுவில் ஒற்றை வயிற்று பி. கடைசியில் எல். பிபிஎல்.

வீட்டுக்காரர் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பர்மிங்காமில் ஐந்து வருடம் வரி கட்டிய பிறகும் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்களே!" என்றார். ஊருக்குப் போனால் ரேஷன் கடையில் அட்டைக்குப் பதிலாக இதையே நீட்டலாம் என்று அடுத்து ஒன்று. இப்படி ஒரு விஷயம் கையில் சிக்கினால் மனிதர் ஒரு வாரம் ஓட்டுவார்.

இந்த ஊர் மரபில் மூன்றெழுத்து முத்திரைக்கு ஒரு வரிசை உண்டு. குடும்பப் பெயரின் எழுத்து நடுவில், பெரிதாக. சொந்தப் பெயர் இடப்பக்கம், இடைப்பெயர் வலப்பக்கம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருந்தது. பா. பாக்கியலட்சுமியாகப் போனவள் பாக்கிய, லட்சுமி, பாண்டி என்று மூன்று பேராகத் திரும்பி வந்தேன். இப்போது கைப்பையின் கருவறையில் அப்பா வீற்றிருக்கிறார். நான் இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் துவாரபாலகர்களாக நிற்கிறேன்.

பல் வைத்தியரிடம் போனாலும் "மிஸ் பாண்டி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் வருடம் முழுக்க, அப்பா எழுந்து வருகிறாரோ என்று பக்கத்து நாற்காலியைப் பார்ப்பேன். இப்போது பழகிவிட்டது. எல்லாமே பழகிவிட்டது. தூறலுக்குக் குடை விரிப்பதில்லை. மார்கழியில் மாலை நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தால் நெஞ்சு பதைப்பதில்லை. ஜிமிக்கி போட்டுக்கொண்டு போனால் "இன்று ஏதாவது கல்யாணமா?" என்று கேட்பவர்களிடம், "இல்லை, செவ்வாய்க்கிழமை" என்று முகம் மாறாமல் சொல்லவும் கற்றுக்கொண்டேன். சித்திரையில் மீனாட்சி கல்யாணத்தன்று மட்டும், இங்கே விடியுமுன் எழுந்து, கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து நேரலை பார்த்தபடி தாலிக் கயிறு மாற்றிக்கொள்ளும்போது, நெரிசலில் யாரும் என் காலை மிதிக்கவில்லையே என்று இருக்கும். மிதி வாங்காமல் மாற்றிய கயிறு கழுத்தில் உட்கார இரண்டு நாள் ஆகும்.

பைக்கு மூலகாரணம் என் எவர்சில்வர் சம்படம். அலுவலகக் குளிர்பதனப் பெட்டியில் மற்றவர்கள் டப்பாக்களில் பெயர் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். என் சம்படத்தின் மூடியில் புள்ளி புள்ளியாக "பா. பாக்கியலட்சுமி" என்று இருக்கும். பக்கத்து மேசைப் பெண் ஒருநாள் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யார் வடிவமைத்தது என்று கேட்டாள். புதுமண்டபத்து ஓரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்றேன். அவளுக்கு அது ஏதோ பெரிய கலைக்கூடத்தின் பெயராகக் கேட்டிருக்க வேண்டும். மரியாதையோடு தலையசைத்தாள்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா பாத்திரச் சீட்டுக் கட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு சீட்டும் முடிந்ததும் செக்கானூரணியில் பஸ் ஏறி மதுரைக்குப் போவோம். அம்மா, நான், யாரும் கூப்பிடாமலே அப்பத்தா. ஒரு வருடம் குடம், ஒரு வருடம் அண்டா, சில்லறை மிஞ்சினால் சம்படம், கரண்டி. வாங்கிய சாமானில் அங்கேயே பெயர் வெட்டாமல் பஸ் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

பெரியவர் பாத்திரத்தை மடியில் கவிழ்த்துக்கொள்வார். கையில் சின்னச் சுத்தியல், ஊசி முனை உளி. பென்சிலால் கோடுகூடப் போடமாட்டார். டிக், டிக், டிக் என்று நேர்கோட்டில் வேகமாகப் போகிற உளி, வளைவு வந்ததும் நிதானப்படும். நான் சத்தத்தை வைத்தே இப்போது எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். பிற்பாடு மின்சார இயந்திரம் வந்து கிர்ரென்று ஒரு நிமிடத்தில் எழுதிவிட ஆரம்பித்தது. அந்த எழுத்து எனக்குப் பிடிப்பதில்லை. பழைய புள்ளி எழுத்தைக் கரண்ட் போன ராத்திரியிலும் விரலால் வாசிக்கலாம்.

கூலி, எழுத்துக் கணக்கு. அப்பத்தா கூட வருவது இதற்காகத்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியவர் உளி முனையால் காற்றில் எண்ணுவார். ப ஒன்று, துணைக்கால் ஒன்று, ஆக 'பா' இரண்டு. அப்பத்தா குந்தி உட்கார்ந்து, காதுத் தண்டட்டி இரண்டும் ஆட, சண்டையைத் தொடங்குவாள்.

"காலுக்குத் தனிக் காசா? என் பேத்தி பெயரை நீயே சொல்லிப் பார். 'பா' என்றால் வாய் ஒரு தடவைதானே திறக்கிறது?"

"வாய் ஒரு தடவை திறக்கிறது ஆத்தா, உளி இரண்டு தடவை போகிறதே?"

அது முடிந்தால் புள்ளி எழுத்து. 'க்', 'ட்' எல்லாம் சொல்லும்போது தொண்டையில் பாதியிலேயே நின்றுபோகிறது, அதற்குப் பாதிக் காசுதான் என்பாள். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று அந்த வருடம்தான் தமிழம்மா நடத்தியிருந்தார். அப்பத்தா இலக்கணத்தைப் பேரம் பேசியே கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அதே கணக்கில் நெட்டெழுத்தான 'பா'வுக்கு இரண்டு மாத்திரை, பெரியவர் கேட்பதும் நியாயம்தான் என்பதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பெயர் வெட்டுவதில் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. விசேஷ வீட்டுக்குப் போன அண்டா வழி தவறாமல் வர வேண்டுமானால் எழுத்து வேண்டும். "கண்ணகி தன் சிலம்பில் ஓர் எழுத்து வெட்டி வைத்திருந்தால் கோவலன் தலை போயிருக்குமா? இந்த மதுரைதான் எரிந்திருக்குமா?" என்பாள். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று அரண்மனையில் போய் உடைத்துக் காட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. பாண்டியன் காலத்தில் புதுமண்டபமும் இல்லை, பெரியவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் சீர் அண்டாவைத் திருப்பிப் பார்த்து, "என் மகன் எழுத்து எங்கே?" என்று கேட்டார். அம்மா வெலவெலத்துப் போனாள். அப்பத்தாதான், "அண்டா வாங்கின அன்றைக்கு மாப்பிள்ளை எந்த ஊரில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார் என்று யாருக்குத் தெரியும்?" என்று முடித்துவைத்தாள்.

பர்மிங்காமில் நகைக் கடைகளுக்கென்றே ஒரு பேட்டை இருக்கிறது, ஜுவல்லரி குவார்ட்டர் என்று. வந்த புதிதில் அதைக் கேள்விப்பட்டு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவள்போலக் கிளம்பிப் போனேன். தெற்கு ஆவணி மூல வீதியைச் செங்கல் கட்டடங்களாக மாற்றி, நடுவில் ஓர் இரும்புக் கடிகாரக் கம்பத்தை நட்டதுபோல இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விலைச் சீட்டுகளைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. தங்கம் இவ்வளவு மலிவா? உள்ளே போய் ஒரு சங்கிலியை வாங்கிப் பார்த்தேன். கொக்கியில் 375 என்று இருந்தது. ஆயிரத்தில் 375 பங்கு தங்கம். ஒன்பது கேரட். மீதி?

இந்தக் குறை எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. 1854-இலிருந்து இங்கே ஒன்பது கேரட்டையும் தங்கம் என்றே சட்டம் ஏற்றுக்கொள்கிறது. நம் ஊரில் இதைச் சீர் என்று கொண்டுபோய் வைத்தால் பந்தி நின்றுவிடும். இத்தனைக்கும் பவுன் என்ற சொல்லும் சவரன் என்ற சொல்லும் இவர்கள் நாணயத்திலிருந்து நமக்கு வந்தவை. 1817-இல் புதிதாக அடிக்கத் தொடங்கிய இவர்களுடைய சவரன் காசு இருபத்திரண்டு கேரட், எடை 7.98 கிராம். நாம் அதை எட்டாக முழுதாக்கி, காசுமாலையாகக் கோத்து, பேத்தி வரைக்கும் கணக்கு வைத்துக்கொண்டோம். சொல்லைக் கொடுத்தவர்கள் ஒன்பது கேரட் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். இருபத்திரண்டு வேண்டுமென்றால் ஹாண்ட்ஸ்வொர்த்தில் சோஹோ ரோட்டுக்குப் போக வேண்டும். பஞ்சாபிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வளையல் கனமாகவே இருக்கும், ஆனால் நெளி மோதிரம் என்றால் படம் வரைந்து காட்ட வேண்டும்.

இருந்தாலும் அந்தப் பேட்டையோடு நான் சமாதானமாகிவிட்டேன். காரணம் நங்கூரம். 1773-இல் இங்கே தொடங்கிய மாற்றுப் பார்க்கும் அலுவலகத்தின் முத்திரை அது. இந்த ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கடல் கிடையாது. லண்டனில் 'கிரீடமும் நங்கூரமும்' என்ற விடுதியில் கூடிப் பேசியவர்கள், கிரீடத்தை ஷெஃபீல்டுக்கும் நங்கூரத்தை இந்த ஊருக்கும் பிரித்துக்கொண்டதாகக் கதை சொல்கிறார்கள். இதைக் கேட்டு இங்கே பிறந்தவர்களே சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் மட்டும் என்ன? பாண்டியன் கொடியில் மீன். மாமியார் காஞ்சனமாலை நீராடச் சொக்கநாதர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தார் என்று எழுகடல் தெரு. கடல் இல்லாத ஊர்க்காரிக்குக் கடல் இல்லாத ஊர் வாய்த்திருக்கிறது.

1981-இல் மூடிய ஒரு பட்டறையை அந்தப் பேட்டையில் அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தரையில் சிந்திய பொடியைக்கூடக் கூட்டி எடுத்து உருக்கிவிடுவார்களாம். எங்கள் பக்கத்தில் பத்தர் பட்டறை வாசல் மண்ணை வாரிக்கொண்டு போய் அலசுவார்கள், அது நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. முத்திரை இட்ட ஒவ்வொரு நகையிலும் செய்தவரின் எழுத்துகள், குறைந்தது இரண்டு, கட்டம் கட்டிப் பதிந்திருக்கும். இவர்கள் செய்தவன் பெயரை வெட்டுகிறார்கள், நாம் வைத்திருப்பவள் பெயரை.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா தன் மோதிரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். முகப்பில் ஆங்கில எழுத்து, ஒற்றை வயிற்று பி. அவர் இளவட்டமாக இருந்தபோது உசிலம்பட்டி ஆசாரி செய்து கொடுத்தது. என் கல்லூரிக் கட்டணத்துக்கு, கிணறு தூர் வார, தம்பிக்கு ஆபரேஷன் என்று அது அடகுக் கடைக்குப் போய்வந்த தடவைகள் அதிகம். விரலில் மோதிரம் இல்லாத மாதங்களில் அப்பா அந்தக் கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

"விரலில் நிற்கவில்லை தாயி. சோறு பிசையும்போது கழன்று தட்டில் விழுகிறது" என்றார். நான் மோதிரத்தைப் பார்க்காமல் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளவைச் சின்னதாக்க வேண்டும், எழுத்தையும் திரும்ப வெட்ட வேண்டும் என்று போன சனிக்கிழமை ஜுவல்லரி குவார்ட்டரில் ஒரு மாடிப்படி ஏறினேன். கையால் எழுத்து வெட்டும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி, வளையத்தின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முத்திரை எதுவும் இல்லை, இதைத் தங்கம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. மதுரையில் இத்தனை அடகுக் கடைக்காரர்கள் நம்பிப் பணம் கொடுத்ததைவிடப் பெரிய முத்திரை என்ன இருக்கிறது? அவர் ஒரு கறுப்புக் கல்லை எடுத்து, மோதிரத்தை மெல்ல உரசி, ஒரு துளி அமிலம் விட்டார். சற்று நேரம் கழித்து, "இருபத்திரண்டு" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகுதான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

முகப்பு தேய்ந்து, பி-யின் வயிறு போய், வெறும் குச்சி மட்டும் நின்றது. 'ஐ' என்ற எழுத்தா என்று கேட்டார். இல்லை என்றேன். அரக்கில் முத்திரை குத்தவா, சும்மா பார்க்கவா என்று அடுத்த கேள்வி. குத்துவதற்கு என்றால் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டுமாம். பார்க்கத்தான் என்றேன். என்ன எழுத்து?

கைப்பையை மேசை மேல் வைத்திருந்தேன். பிபிஎல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வயிறு எனக்கு, ஒற்றை வயிறு அப்பாவுக்கு. ஆங்கிலத்தில்தான் இந்தப் பிரிவினை எல்லாம். அவரிடமிருந்த துண்டுக் காகிதத்தை இழுத்து, பென்சிலால் பெரிதாக எழுதினேன். பா.

சுவரில் கூலிப் பட்டியல் தொங்கியது. எழுத்துக் கணக்கு.

அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, உளி முனையால் முதலில் ப-வைத் தொட்டார், பிறகு துணைக்காலைத் தொட்டார். "இரண்டு" என்றார்.

"ஒன்று" என்றேன்.

"நடுவில் இடைவெளி இருக்கிறதே?"

"இருக்கட்டும். நீங்களே சொல்லிப் பாருங்கள்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "பா."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார்.