கதை முடிந்ததும் புத்தகத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள்

படப் புத்தகத்தைக் குழந்தைக்கு வாசித்து முடித்த கையோடு, "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்பது பெரியவர்களிடம் ஊறிப்போன பழக்கம். அந்த நொடி வரை எலியோடு பொந்துக்குள் உட்கார்ந்திருந்த குழந்தை, அந்தக் கேள்வியில் தேர்வறைக்கு வந்துவிடுகிறது. கதைக்குப் பிறகு ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் அது குழந்தையைத் திரும்பவும் பொந்துக்குள்ளேயே அனுப்புவதாக இருக்க வேண்டும்.

ஒரு செயல்பாடு நல்லதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யும்போது குழந்தை புத்தகத்தை மறுபடி திறக்கிறதா? எலியின் வால் எவ்வளவு நீளம், பொந்துக்குப் பக்கத்தில் இருந்தது கல்லா காளானா என்று பார்க்க ஓடிவந்து பக்கத்தைப் புரட்டினால் சரியான செயல்பாடு. புத்தகத்தின் பக்கமே போகாமல் முடிந்துவிட்டால் அது கைவேலை மட்டும்தான். கைவேலையில் தவறில்லை. அதற்குக் கதை எதற்கு என்பதுதான் கேள்வி.

செயல்பாட்டுக்கு முன்னால் வாசிப்பைச் சரிசெய்ய வேண்டும். இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகளின் கண்ணசைவை அளந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர் வாசிக்கும்போது அவர்கள் பார்ப்பது ஏறக்குறைய முழுவதும் படத்தைத்தான், எழுத்தை அல்ல என்று காட்டியது. நம் கண் வரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தை மூலையில் ஒளிந்திருக்கும் பல்லியைக் கண்டுபிடித்திருக்கும். அது அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். வரியை முடித்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பிறகு திருப்புங்கள்.

முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம். கதை தடைபடாமல் ஓடட்டும். கேள்விக்கு இடம் இரண்டாவது, மூன்றாவது வாசிப்பில். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், வெவ்வேறு கதைகளில் ஒரு புதுச் சொல்லைக் கேட்ட குழந்தைகளைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அந்தச் சொல்லை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். நமக்குப் பழசானாலும், குழந்தை ஒவ்வொரு முறையும் அதே படத்தில் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேட்கும் விதத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. 1988இல் ஆய்வாகப் பதிவான உரையாடல் வழி வாசிப்பு அது. குழந்தையைச் சொல்லத் தூண்டுவது, சொன்னதை ஏற்பது, அதோடு ஒரு சொல்லைச் சேர்ப்பது, சேர்த்ததைக் குழந்தையைத் திருப்பிச் சொல்ல வைப்பது என்று நான்கே படி. காகிதத்தில் பெரிதாகத் தெரிந்தாலும் பேச்சில் நான்கு வரிதான்:

"இது யாரு?"
"நாய்."
"ஆமா, நனைஞ்சுபோன நாய்!"
"நனைஞ்ச நாய்."

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, எண்ணிக்கைக் கேள்வியாகவே கேட்டுக்கொண்டு போவது. எத்தனை ஆடு, என்ன நிறம் என்று கேட்டால் ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடும். "இந்த நாய் ஏன் கதவையே பார்த்துட்டு இருக்கு?" என்று கேட்டால் பேச்சு நீளும். அதையும் பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் குழந்தை எழுந்து போய்விடும். ஒரு புத்தகத்துக்கு நான்கைந்து கேள்வி தாராளம்.

இனி கைக்கு வேலை.

இரண்டு, மூன்று வயதுக்கு மிகவும் பொருந்துவது கதைப் பை. ஒரு துணிப்பையில் கதையில் வரும் நான்கு முதல் ஆறு பொருள்கள். அச்சு அசலான பொம்மை தேவையில்லை. மரக்கரண்டி முதலையாகலாம், உருட்டிய கைக்குட்டை எலியாகலாம். கதையில் அந்தப் பொருள் வரும் இடத்தில் மட்டும் பையிலிருந்து எடுத்து வையுங்கள். அடுத்த முறை பையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாசியுங்கள். அதற்கடுத்த முறை குழந்தையே எடுத்துச் சொல்லட்டும். எல்லாவற்றையும் முதலிலேயே தரையில் பரப்பினால் விளையாட்டு தொடங்கிவிடும், கதை நின்றுவிடும். வரிசைதான் இதில் முக்கியம், பை அந்த வரிசையைக் காப்பாற்றுகிறது. இன்னொரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழே இருந்தால், சுமார் 3.2 செ.மீ. அகலமுள்ள துளைக்குள் நுழைந்துவிடக்கூடிய எதையும் பையில் போடாதீர்கள். பாசிமணி, பித்தான், புளியங்கொட்டை எல்லாம் தொண்டையில் அடைக்கும்.

மூன்றரை, நான்கு வயதிலிருந்து குச்சிப் பொம்மை. பழைய அட்டைப் பெட்டி போதும். புது சார்ட் பேப்பர் மெல்லியது, இரண்டே நாளில் கழுத்து மடங்கிவிடும். உருவம் 12 முதல் 15 செ.மீ. உயரம், குச்சி 25 செ.மீ. அளவில் இருந்தால் சின்னக் கைக்கு வசதி. பலரும் தவறவிடும் ஒரு விஷயம், பொம்மைக்கு இரண்டு பக்கமும் முகம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வரைந்தால் காட்டுக்குப் போன எலி வீடு திரும்பும்போது பின்னோக்கி நடந்து வரும். அட்டையை இரண்டாக மடித்து, மேல் பக்கத்தில் வரைந்து, இரண்டு மடிப்பையும் சேர்த்து வெட்டினால் எதிரெதிராக நிற்கும் இரண்டு உருவம் கிடைக்கும். நடுவில் குச்சியை வைத்து ஒட்டுங்கள். குச்சி பொம்மையின் பாதி உயரமாவது உள்ளே போக வேண்டும், அதோடு பசைக்கு மேல் குறுக்காக ஒட்டுநாடாவும் போட வேண்டும். பசை மட்டும் இருந்தால் தலை தொங்கிச் சுற்றும். வரைவது குழந்தை, கெட்டி அட்டையை வெட்டுவது பெரியவர். எத்தனை பாத்திரம் கதையில் இருந்தாலும் மூன்று, நான்கு பொம்மைக்கு மேல் செய்ய வேண்டாம். ஐந்தாவது பொம்மையைச் செய்து முடிப்பதற்குள் கதை சொல்லும் ஆசை அடங்கிவிடுகிறது.

அதே பொம்மைகளை இருட்டறைக்குக் கொண்டுபோனால் நிழற்கூத்து. ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளைத் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டி, பின்னால் ஒரு மீட்டர் தள்ளி விளக்கை வையுங்கள். பல சிறு பல்புகள் உள்ள டார்ச் வேண்டாம். ஒவ்வொரு பல்பும் தனித்தனி நிழலைப் போடுவதால் எலியைச் சுற்றி நான்கைந்து எலி மங்கலாகத் தெரியும். ஒற்றைப் பல்பு உள்ள கைப்பேசி விளக்கே நல்ல கூர்மையான நிழல் தரும். துணியை ஒட்டிப் பிடித்தால் நிழல் சின்னதாகவும் தெளிவாகவும் இருக்கும். விளக்கை நோக்கி நகர்த்தினால் பெரிதாகும், ஓரம் மங்கும். பூனை பூதாகரமாகத் தெரிந்து எலி பயப்படும் பக்கம் கதையில் இருந்தால், அந்த இடத்தில் பூனையை மெல்ல விளக்கின் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். பயம் எப்படி ஒன்றைப் பெரிதாக்குகிறது என்று யாரும் விளக்கத் தேவைப்படாது. விளக்கு குழந்தைகளின் கண்ணுக்கு நேராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக்கு மேல் என்றால் சொந்தப் புத்தகம் செய்வதற்கு ஈடான செயல்பாடு வேறு இல்லை. ஒரே ஒரு ஏ4 தாள், ஒரே ஒரு வெட்டு, எட்டுப் பக்கப் புத்தகம்.

தாளைக் குறுகிய ஓரங்கள் ஒன்று சேரும்படி பாதியாக மடியுங்கள். அதே திசையில் இன்னொரு முறை மடியுங்கள். பிறகு எதிர்த் திசையில் ஒரு முறை. விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். இப்போது முதல் மடிப்பை மட்டும் மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட நீளம் மட்டும் வெட்டுங்கள். குறுக்குக் கோடு வரும் இடத்தில் கத்தரிக்கோல் நிற்க வேண்டும். முழுவதும் விரித்து, நீள வாக்கில் இரண்டாக மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவில் வெட்டு வைரம்போலத் திறக்கும். இன்னும் தள்ளினால் கூட்டல் குறிபோல் நிற்கும். ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் 7.4 × 10.5 செ.மீ. அளவில் புத்தகம் தயார். ஐந்து வயதுக்கு இந்த அளவு நெருக்கடியாக இருக்கும், அவர்களுக்கு ஏ3 தாள் கொடுங்கள். பக்கம் 10.5 × 14.8 செ.மீ. கிடைக்கும்.

இரண்டு இடத்தில் இது கெடும். திறந்த ஓரத்திலிருந்து வெட்டினால் நடுவில் வாய் திறக்காது, தாள் இரண்டு ஓரத்திலும் கிழிந்து நிற்கும். மடிப்பதற்கு முன்பே வரையத் தொடங்கினால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும், ஏனென்றால் மேல் வரிசைக் கட்டங்கள் கீழ் வரிசைக்கு எதிர்த்திசையில் நிற்கின்றன. மடித்து முடித்த பிறகே பென்சில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஏடும் இரட்டைத் தாள் என்பதால் ஸ்கெட்ச் பேனா மை ஊறினாலும் அடுத்த பக்கத்தில் தெரியாது.

செய்து முடித்தபின் அந்தத் தாளை மறுபடி விரித்துக் காட்டுங்கள். அச்சகத்திலும் பெரிய தாளில் பக்கங்களை நேராகவும் தலைகீழாகவும் அச்சிட்டு, மடித்து, வெட்டித்தான் புத்தகம் ஆக்குகிறார்கள். அதனால்தான் படப் புத்தகங்களின் பக்க எண்ணிக்கை பெரும்பாலும் 16, 24, 32 என்று எட்டின் மடங்காக வருகிறது. வீட்டில் இருக்கும் புத்தகங்களை எடுத்துப் பக்கங்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு மாலை முழுவதும் ஓடிவிடும்.

எட்டில் முன்அட்டை, பின்அட்டை போக மிச்சம் ஆறு பக்கம். யார், எங்கே, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே வந்தது, என்ன செய்தார், எப்படி முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. எழுதத் தெரியாத குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அதன் வாயிலிருந்து வந்தபடியே. "பூனை ஓடிப்போச்சு" என்று சொன்னால் "பூனை ஓடிவிட்டது" என்று திருத்தாமல் எழுதுங்கள். தான் சொன்ன சொல்லே தாளில் இருந்தால்தான் பிறகு அந்த வரியைத் தொட்டுத் தொட்டு வாசிக்கும்.

படத்தில் உருவங்கள் உருண்டு திரண்டு இருக்கும் புத்தகங்களுக்கு மாவுப் பிசையல் பொருந்தும். இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் கோப்பையில் தொடங்கி, போதாவிட்டால் கரண்டி கரண்டியாகச் சேர்க்கவும். கையில் ஒட்டினால் மாவு, விண்டு உதிர்ந்தால் தண்ணீர். உருவத்தைக் காயவைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குவதால் தடித்த உருவம் வெடித்துவிடும். கையில் கீறல் இருந்தால் உப்பு எரியும். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு இதைக் கொடுக்க வேண்டாம்.

யாராவது எங்காவது நடந்துபோகும் கதைக்கு, நீளமான தாளைத் தரையில் விரித்து வழியை வரையச் சொன்னால் போதும், மற்றதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும்.

கூட்டமாகக் குழந்தைகள் இருந்தால் பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு மேல் ஒரே புத்தகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு முறை வாசிப்பதே மேல். அரைவட்டமாக உட்காரவைத்து, புத்தகத்தை உங்கள் பக்கவாட்டில், குழந்தைகளின் கண் உயரத்தில் பிடியுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பக்கம் இருட்டாகத் தெரியும். வழவழப்பான தாளில் விளக்கு பட்டால் படத்துக்குப் பதில் பளபளப்புதான் தெரியும். தொடங்கும் முன் ஓரத்தில் உட்காரும் குழந்தையின் இடத்தில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

ஒரே படத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதேபோல, செய்து முடித்த மாதிரியை முதலிலேயே காட்டவும் வேண்டாம். காட்டினால் இருபது குழந்தைகளும் உங்கள் எலியையே செய்யும். மாதிரிக்குப் பதில் புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து வையுங்கள். எலி ஊதா நிறத்தில் வந்தால் வரட்டும்.

இவ்வளவு கைபட்டால் புத்தகம் கிழியத்தான் செய்யும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், நாளடைவில் மஞ்சளாகி, பசை பக்கத்தில் கறையாக இறங்கும். ஒரு மேசைக்கரண்டி மைதாவை இரண்டு கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னும் நான்கு கரண்டி தண்ணீர் விட்டுச் சின்னத் தீயில் கிளறினால் சில நிமிடத்தில் பசை பளபளக்கும். ஆறியதும் ஒரு செ.மீ. அகல மெல்லிய வெள்ளைத் தாள் துண்டில் லேசாகத் தடவிக் கிழிசல்மேல் ஒட்டுங்கள். கனமாகத் தடவினால் பக்கம் சுருங்கும், பூச்சியும் வரும். இரண்டு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். தாள் துண்டை வைத்து விரலால் நீவிவிடும் வேலையைக் கிழித்த குழந்தையிடமே கொடுங்கள். மறுநாள் காலையில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் அது திறந்து பார்க்கும்.