எழுத்துக்கு முந்தைய பாடம்

குமரி மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து ஓய்வு பெறும்வரை தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "டீச்சர், பிள்ளை எப்ப எழுதும்?" என்பதுதான். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது; படிப்பின் அருமை தெரிந்த இடத்தில் அவசரமும் கூடத்தான் இருக்கும். எதிர்வீட்டுப் பிள்ளை இரட்டைக்கோடு நோட்டுடன் நர்சரி வேனில் ஏறுவதைக் காணும் தாய்க்கு, தன் பிள்ளை மையத்தில் களிமண் உருட்டுவது வெறும் பொழுதுபோக்காகவே தெரியும்.

மூன்று வயதில் பென்சிலைக் கொடுத்தால், குழந்தை அதை உள்ளங்கை முழுவதாலும் இறுக்கிக்கொண்டு தோளை அசைத்தே கோடு இழுக்கும்; மணிக்கட்டு எலும்புகள் அந்த வயதில் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. ஆகவே புளியங்கொட்டைகளைப் பாயில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சிரட்டையில் போடச் சொல்வேன். (மூக்குக்குள் திணித்துக்கொள்ளும் ஆசாமிகள் உண்டு என்பதால் கண்ணை அங்கிருந்து எடுக்கக் கூடாது.) இரு விரல்களால் கொட்டையை நழுவவிடாமல் எடுக்கப் பழகிய பிள்ளைகள், ஐந்து வயதில் யாரும் சொல்லாமலே பென்சிலைச் சரியாகப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களை ஒட்டிய மையத்தில் வேறுவிதப் பாடம் எனக்குக் கிடைத்தது. வெயில் ஏறுமுன் மரப்பட்டையை வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக வடியும் என்பதால் பெற்றோர் விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விட, பாட்டியோ அக்காளோ பிள்ளைகளை அரைத்தூக்கத்தில் கொண்டுவந்து விடுவார்கள். வந்தவுடன் பாட்டும் கைத்தட்டலும் தொடங்கினால் அழுகைதான் மிஞ்சும். சற்று நேரம் பாயில் சும்மா இருக்கவிட்டுப் பிறகே பேச்சுக் கொடுக்க வேண்டும். மழை விடாமல் பெய்து பால்வெட்டு நின்ற வாரங்களில் வீட்டு நிலையை விசாரிக்கவே தேவையிராது. வழக்கமாகச் சோற்றை அளைந்துகொண்டிருக்கும் பிள்ளை இரண்டாம் முறை தட்டை நீட்டும்.

பின்னர் குளச்சல் கடற்கரைக்கு மாறுதல் வந்தது. பழங்களின் படங்களை வகை பிரிக்கச் சொன்னால் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், காகிதத்தில் சாளை, அயலை, நெத்திலி, சூரை என்று மீன்களை வெட்டிக் கொடுத்தேன். பெரியது, சிறியது என்று பிரிப்பார்கள் என எதிர்பார்த்திருந்தபோது, நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வலையில் விழுவதை ஒருபுறமும் தூண்டிலில் கடிப்பதை மறுபுறமும் அடுக்கி, தன் அப்பா எதற்கு எந்த வலை கொண்டுபோவார் என்று விளக்கவும் தொடங்கிவிட்டாள். அன்று பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டோம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் அதன் ஓர் அங்கமாக இருந்தது. ஆனாலும் எடை பார்த்தல், சத்துமாவு வழங்கல், கர்ப்பிணிகள் விவரம், கைப்பேசிப் பதிவு என்று வேலைகள் ஏற ஏற, பிள்ளைகளோடு தரையில் உட்காரும் நேரமே முதலில் பறிபோகிறது. ஊராரும் எங்களைச் சோறு போடுபவர்களாகவே பார்த்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் பணிக்கொடைச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தபோது, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நாங்கள் கல்வி அளிப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பணிக்கொடையைவிட அந்தக் காரணத்தைத்தான் நான் அக்கம்பக்கத்தில் அதிகம் சொல்லித் திரிந்தேன்.