மலை ஏரிக்கு ஒரு நாள் நடை: ஏற்றத்தைக் கணக்குப் போடுங்கள்

"போக வர 12 கிலோமீட்டர், நடுத்தரப் பாதை" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், தெருவில் நடக்கும் வேகத்தை வைத்து மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிக் கிளம்பினால் இறங்கும்போது இருட்டிவிடும். மலைப்பாதையில் தூரத்தைவிட ஏற்றம்தான் நேரத்தைத் தின்னும். மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று தெரிந்தாலும் போதாது, அது பாதையின் எந்தப் பகுதியில் குவிந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஏரிக்குப் போகும் பாதைகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும். குளிர்ப் பிரதேச மலைகளில் உள்ள ஏரிகள் பலவும் பழைய பனியாறுகள் குடைந்த பள்ளங்கள். பள்ளத்தின் வாயில் ஒரு பாறை விளிம்போ, பனியாறு தள்ளிக் குவித்த கல்மேடோ அணைபோல நிற்கும். ஏரி அதற்குப் பின்னால். அதனால் மரங்களுக்கிடையே சாதுவாக வந்த பாதை கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் சட்டென்று எழும்பும். அந்த மேட்டின் தலைக்கு வரும்வரை தண்ணீர் கண்ணில் படாது. "இன்னும் காணோமே" என்று ஆட்கள் அவசரப்பட்டு மூச்சு வாங்குவது இந்த இடத்தில்தான்.

இதைக் கிளம்புமுன்பே தெரிந்துகொள்ள நிலவரைபடத்தின் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) போதும். 1:25,000 அளவு வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். கோடுகள் விலகியிருந்தால் சமம், நெருங்கியிருந்தால் செங்குத்து. பாதை எத்தனை கோடுகளை வெட்டிக்கொண்டு ஏறுகிறது என்று எண்ணி, அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வித்தியாசத்தால் பெருக்கினால் ஏற்றம் வந்துவிடும். நடுவில் இறங்கி மறுபடி ஏறும் இடங்களையும் விடாமல் சேர்க்க வேண்டும்.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் நல்ல தொடக்கம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல பாதையில், பழகிய கால்களுக்கு, ஓய்வே இல்லாத கணக்கு. வேர்களும் ஈரக் கற்களும் நிறைந்த காட்டுப் பாதைக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே என் கணக்கில் நியாயம்.

ஓர் உதாரணம். ஒருவழி 6 கிலோமீட்டர், ஏற்றம் 480 மீட்டர். முதல் நாலரை கிலோமீட்டரில் 160 மீட்டர், மீதி ஒன்றரையில் 320. நடைக்கு ஒன்றரை மணி, ஏற்றத்துக்கு 48 நிமிடம், நின்று நின்று போக 25 நிமிடம்: ஏரியை அடைய ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி. இறக்கம் என்றால் பாதி நேரம் போதும் என்று நினைக்காதீர்கள். செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரம் இறங்கவும் நடை நேரத்தோடு இன்னும் பத்து நிமிடம் ஆகும், அதுவும் தளர்ந்த முழங்கால்களோடு. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இனி கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள். மரநிழலில் இருட்டு சீக்கிரமே வந்துவிடும், ஆகவே சூரியன் மறைய இரண்டு மணி நேரத்துக்கு முன்பே பாதையின் தொடக்கத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். 6:20-க்கு மறைவு என்றால் 4:20. அதற்கு 2:20-க்கு ஏரியை விட்டாக வேண்டும். இடி மின்னல் பிற்பகலில் வரும் பருவமானால் அந்தக் கணக்கும் செல்லாது, 12 மணிக்கே திரும்ப வேண்டும். காலை 8 மணிக்குக் கிளம்பினால் 10:45-க்கு ஏரி, கரையில் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நேரமாகிவிட்டால், ஏரி இன்னும் இருபது நிமிடத்தில் என்றாலும் திரும்புவதுதான் சரி. மேலே போய் நின்றுகொண்டு முடிவெடுக்க முயன்றால் ஆசைதான் ஜெயிக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூட. ஆறு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. வழியில் ஓடை இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் பாதியைச் சுமந்து மீதியை அங்கே சுத்திகரிக்கலாம். 0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. நனைந்தபின் உறைந்துபோன வடிகட்டியை நம்பாதீர்கள். உள்ளிருக்கும் இழைகள் வெடித்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது. கொதிக்க வைப்பதானால் நன்றாகத் தளதளத்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். ஏரிநீரில் பச்சைநிறப் பாசிப்படலம் மிதந்தால் அதை எடுக்கவே வேண்டாம், அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது.

உடையில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை காயாது, ஏரிக்கரைக் காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சராசரியாக 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு வெப்பநிலை 6.5 டிகிரி குறையும் என்பதால், நம் உதாரணத்தில் கீழிருந்து மேலே மூன்று டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்தால் அது பத்து டிகிரிபோலத் தோன்றும். காய்ந்த மேல்சட்டை ஒன்றையும் மழைக்கோட்டையும் பையின் மேலாக வையுங்கள்.

புது ஷூவை இந்த நடையில் முதன்முதலாகப் போடக் கூடாது. கால் நகங்களை முன்தினம் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துப்போகும். இறங்கத் தொடங்குமுன் கணுக்காலருகே லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சரியாது. குதிகால் சூடாக உணரத் தொடங்கியதும் நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டினால் பெரிய பலனில்லை.

பனி உருகி வரும் ஓடைகள் காலையில் சாதுவாகவும் மாலையில் வேகமாகவும் இருக்கும். ஏறும்போது கணுக்கால் நனைத்த ஓடை திரும்பும்போது முழங்காலைத் தொடலாம். வேகமான நீர் முழங்காலுக்கு மேலே வந்தால் இறங்கவே வேண்டாம். கடப்பதாயிருந்தால் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீர் வரும் பக்கம் முகம் வைத்து, குச்சியை ஊன்றிப் பக்கவாட்டில் நகருங்கள்.

வெயில் கொதிக்கும் நாளிலும் ஏரியில் சட்டென்று குதிக்காதீர்கள். மேற்பரப்பு இதமாக இருக்கும், ஒரு மீட்டர் கீழே நீர் சில்லிட்டிருக்கும். அந்தக் குளிர்ச்சியில் மூச்சு நம் கட்டுப்பாட்டை மீறி இழுக்கும், அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள்.

வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொண்டு, போனை விமான நிலையில் (ஏரோப்ளேன் மோடு) போடுங்கள். சிக்னல் தேடித்தேடியே பேட்டரி தீரும். அடர்ந்த மரங்களுக்கும் செங்குத்துப் பாறைகளுக்கும் அடியில் ஜிபிஎஸ் புள்ளி சில பத்து மீட்டர் விலகிக் காட்டலாம், அதனால் பாதைப் பிரிவுகளில் தாள் வரைபடத்தையும் பாருங்கள். நெற்றி விளக்கு பகல் நடைக்கும் வேண்டும்.

கிளம்புமுன் வீட்டில் ஒருவருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டியவை: எந்தப் பாதை, தொடங்கும் இடம், எத்தனை பேர், வண்டி எண், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குமேல் தகவல் இல்லையென்றால் யாரை அழைப்பது. திரும்பும் நேரம் 4:20 என்றால் அழைக்கும் நேரத்தை 6:30 என்று கொடுங்கள். கீழே வந்து சிக்னல் கிடைத்ததும் அவருக்கு முதலில் செய்தி அனுப்புங்கள்.