டல்லாஸ் கைவிட்ட நால்வர்

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஜேலன் பிரன்சன் பணத்துக்காக டல்லாஸை விட்டு நியூயார்க்குக்கு ஓடிப்போனவர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அவர் ஓடவில்லை. போகும்படி செய்தது டல்லாஸ் மேவரிக்ஸ் அணிதான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அங்கே பேசவிடமாட்டார்கள் என்பதால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காட்பாடிப் பக்கம் ஒரு சிமென்ட் கோர்ட். விடிந்ததும் ஆட ஆரம்பிப்போம். எட்டு மணிக்கு மேல் வேலூர் வெயிலில் தரை சுடும், பந்து சுடும், ஆட்டம் நின்றுவிடும். அப்புறம் வேப்பமர நிழலில் டீயும் வாக்குவாதமும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், கோபி பிரையன்ட் காலத்திலிருந்தே லேக்கர்ஸ் ரசிகர். மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர், வாரியர்ஸ். இன்ஜினியரிங் படிக்கும் தம்பிகள் இரண்டு பேர். யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் டிராஃப்டில் எந்த அணி எந்த வருட வாய்ப்பை யாருக்குக் கொடுத்துவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நான் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. டல்லாஸ் ரசிகை.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் எந்த அணியோடும் பேசலாம் என்கிற ஃப்ரீ ஏஜென்சி தொடங்குவது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஜூன் 30 மாலை ஆறு மணிக்கு. நமக்கு அது ஜூலை 1 விடியற்காலை மூன்றரை. தம்பிகள் அன்று தூங்கமாட்டார்கள். நான் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழும்போது போனில் பாதி லீக் இடம் மாறியிருக்கும்.

டல்லாஸ் எப்படி என் அணியானது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: 2011, டர்க் நோவிட்ஸ்கி. அதற்கு முந்தைய வருடம் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்டை விட்டு மயாமிக்குப் போகிறேன் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். டுவெய்ன் வேட், கிறிஸ் போஷ், லெப்ரான் மூவரும் ஒரே அணியில். இறுதிப் போட்டித் தொடரில் அந்த மயாமியை டல்லாஸ் 4-2 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தில் நோவிட்ஸ்கிக்கு 101 டிகிரி காய்ச்சல். கடைசி கால் பகுதியில் அவர் ஆடியதைப் பார்த்துவிட்டு வேறு அணிக்கு ரசிகையாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே அணிக்கு 21 சீசன் ஆடியவர் அவர்.

சரி, டல்லாஸ் கைவிட்ட அந்த நால்வருக்கு வருகிறேன்.

முதலாமவர் ஸ்டீவ் நாஷ், 2004. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு அவர். முப்பது வயதில் உடம்பு தாங்காது என்று டல்லாஸ் நினைத்தது. ஃபீனிக்ஸ் கொடுத்த நீண்ட ஒப்பந்தத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. நாஷ் போனார், அடுத்த இரண்டு சீசனும் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

அடுத்தவர் டைசன் சாண்ட்லர். 2011 கோப்பைக்கு நோவிட்ஸ்கிக்கு அடுத்தபடி யாரைச் சொல்வீர்கள் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன். கோப்பை வென்ற அதே வருட டிசம்பரில், எதிர்காலத்தில் லீக்கின் சம்பள வரம்புக்குள் இடம் வேண்டும் என்று சொல்லி அவரை நியூயார்க் நிக்ஸுக்கு விட்டுவிட்டார்கள். அந்த சீசனின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது அவருக்கு. 2014-ல் அவரையே ட்ரேடில், அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பேரத்தில், திரும்ப வாங்கினார்கள், அதுவும் ஒரே சீசனுக்கு. கோப்பைக்குப் பிறகு, சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃபில் ஒரு சுற்றை வெல்லவே டல்லாஸுக்கு 2022 வரை ஆனது.

அந்த 2022-ல்தான் மூன்றாமவரான பிரன்சன் கதை வருகிறது. 2018 டிராஃப்டில் இரண்டாவது சுற்றில், 33-வது ஆளாக எடுக்கப்பட்டவர். அதே டிராஃப்டில்தான் லூக்கா டோன்சிச்சும் டல்லாஸுக்கு வந்தார். 2021 சீசன் தொடங்குவதற்கு முன் நான்கு வருடத்துக்குச் சுமார் 5.5 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்க விதி இடம் கொடுத்தது. டல்லாஸ் கையெழுத்து வாங்கவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றது. 2022 பிளேஆஃபில் யூட்டாவுக்கு எதிரான முதல் மூன்று ஆட்டங்களில் டோன்சிச் காயத்தால் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளி. டோன்சிச் இல்லாமலேயே அந்த மூன்றில் இரண்டை வென்றார்கள். அந்தக் கோடையில் நியூயார்க் 10.4 கோடி டாலர் கொடுத்தது. டல்லாஸுக்குக் கைமாறாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் ஃப்ரீ ஏஜென்ட், போய்விட்டார்.

வாரியர்ஸ் ரெப் சொல்வார்: "டபுள் சம்பளம் குடுத்தா போகாம இருப்பாரா மேடம்? டர்க் மாதிரி இருக்கணும்." நோவிட்ஸ்கி 2014-ல் 9.7 கோடி டாலர் அளவுக்கு ஹூஸ்டனும் லேக்கர்ஸும் காட்டியதை வேண்டாம் என்று 2.5 கோடிக்கு டல்லாஸிலேயே கையெழுத்துப் போட்டவர். உண்மைதான், அதை நான் கும்பிடுகிறேன். ஆனால் பிரன்சனைப் பணத்தாசை பிடித்தவர் என்று சொல்பவர்கள் 2024-ஐப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் பொறுத்திருந்தால் நியூயார்க்கில் சுமார் 26.9 கோடிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவர் பொறுக்காமல் 15.65 கோடிக்கே ஒப்புக்கொண்டார். 11 கோடிக்கு மேல் விட்டுக்கொடுத்தார், அணிக்கு வேறு ஆட்களை வாங்க இடம் இருக்கட்டும் என்று. 2025-ல் அந்த அணி கிழக்குப் பிரிவு இறுதிவரை போனது, 2000-க்குப் பிறகு முதல் முறையாக. தன்னை நம்பிய இடத்துக்கு இந்த ஆள் இவ்வளவு செய்கிறார். நம்பாத இடத்தில் எப்படி இருப்பார்?

நாலாவது பெயரை எழுதும்போது இன்னும் கை தயங்குகிறது.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு. நமக்கு முற்பகல் பத்தேமுக்கால் இருக்கும். ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் சின்னத் தம்பி ஒரு படம் போட்டான்: லூக்கா டோன்சிச் லேக்கர்ஸுக்கு, ஆண்டனி டேவிஸ் டல்லாஸுக்கு. செய்தியை முதலில் வெளியிட்ட செய்தியாளர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று உலகமே நினைத்தது. நாங்களும் அப்படித்தான். டோன்சிச்சுக்கு அப்போது 25 வயது. எட்டு மாதம் முன்னால்தான் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர். பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றார்கள், அவ்வளவுதான். டேவிஸுக்கு 31.

அன்று மாலை ஆம்பூர் அண்ணனே எனக்குப் போன் செய்தார். அவர் அணிக்கு லாட்டரி அடித்த நாள். ஆனாலும் குரலில் அந்தச் சந்தோஷத்தைக் காட்டவில்லை. "இன்னாமா தங்கச்சி, சாப்ட்டியா?" என்றுதான் கேட்டார். அதற்காகவே அவரோடு எத்தனை சண்டை போட்டாலும் எனக்குக் கோபம் தங்காது.

இந்த ட்ரேட் பற்றிப் பேசும்போது தம்பிகள் ஒரு நியாயம் சொல்வார்கள். பெரிய ஆட்டக்காரரை விற்பது தப்பில்லை, ஓக்லஹோமாவைப் பாருங்கள் அக்கா என்பார்கள். சரியான உதாரணம்தான். 2019-ல் அவர்களுடைய நட்சத்திரம் பால் ஜார்ஜ் தன்னை ட்ரேட் செய்யும்படி கேட்டபோது ஓக்லஹோமா அவசரப்படவில்லை. கிளிப்பர்ஸிடமிருந்து ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டானிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள், போதாததற்கு வாய்ப்புகளை மாற்றிக்கொள்ளும் உரிமை என்று கறந்துவிட்டது. அப்படி வந்த ஒரு வாய்ப்பில்தான் 2022-ல் ஜேலன் வில்லியம்ஸை எடுத்தார்கள். 2025-ல் இந்தியானாவை ஏழு ஆட்டத்தில் வென்று கோப்பை வாங்கினார்கள். விருதுகள் எல்லாம் ஷேய்க்கு.

அதனால் ட்ரேட் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகிறவரைத் தடுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அதே பால் ஜார்ஜை 2024-ல் கிளிப்பர்ஸ் சும்மா போகவிட்டது. ஃபிலடெல்ஃபியா நான்கு வருடத்துக்கு 21.2 கோடி டாலர் கொடுத்தது. முதல் சீசனில் அவர் ஆடியது 41 ஆட்டம். கிளிப்பர்ஸ் கணக்குச் சரி. ஆனால் டோன்சிச்சை விற்ற விதம் என்ன? பொது மேலாளர் நிகோ ஹாரிசன் மற்ற அணிகளிடம் விலை கேட்கவே இல்லை. லேக்கர்ஸிடம் மட்டும் ரகசியமாகப் பேசினார். கிடைத்தது டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞர், 2029-ன் ஒரே ஒரு முதல் சுற்று வாய்ப்பு. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் ஓக்லஹோமாவுக்கு வந்ததே ஜார்ஜுக்குக் கிடைத்த விலையில் ஒரு பங்குதான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆட்டக்காரருக்கு இதில் வாயே இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது. என் சம்மதம் இல்லாமல் ட்ரேட் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்கள் அப்போது லீக் முழுக்க லெப்ரானும் பிராட்லி பீலும்தான். டோன்சிச்சுக்கு அந்தக் கோடையில் டல்லாஸில் ஐந்து வருடத்துக்குச் சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட விதி இடம் தந்திருக்கும். அது அவரை வளர்த்த அணி மட்டுமே தரக்கூடிய ஒப்பந்தம். அணி மாறிய நிமிடத்தில் அந்த உரிமை போனது. பிறகு ஆகஸ்டில் லேக்கர்ஸோடு மூன்று வருடத்துக்கு 16.5 கோடி என்று கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பே, ஏப்ரலில் அவர் டல்லாஸுக்கு எதிரணியாக வந்தபோது, அவருக்காக ஓடிய காணொளியைப் பார்த்து பெஞ்சிலேயே அழுதார். அப்புறம் எழுந்து 45 புள்ளி எடுத்தார். நானும் அழுதேன், முதல் பீரியடுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஆட்டக்காரர் தானே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சும்மா வந்ததில்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-ல் லீக் மேல் வழக்குப் போட்டார். 1976-ல் சமரசமானது. அப்போதும் பழைய அணி ஏதாவது ஒரு வகையில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தத் தடையும் இல்லாமல் அணி மாறிய முதல் ஆள் டாம் சேம்பர்ஸ், 1988-ல், சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்கு. நம் பக்கம் இந்த உரிமை என்னவென்றே தெரியாது. தமிழ்நாட்டில் நன்றாக ஆடும் பிள்ளைக்கு வழி என்ன? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம், பிறகு ரயில்வே, வங்கி என்று ஒரு வேலை. வேலை கிடைத்த இடம்தான் அணி. நல்ல அணி கூப்பிடுகிறது என்று நிரந்தர வேலையை யார் விடுவார்?

என் பள்ளியிலேயே நடந்தது ஒன்று. எட்டாம் வகுப்பில் ஒரு பெண், பந்து அவள் கையில் ஒட்டிக்கொள்ளும். குறுவட்டப் போட்டியில் அவளை வைத்துத்தான் நாங்கள் ஜெயித்தோம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்கு அவள் தேர்வானாள். வேறு ஊர், வேறு பள்ளி. மாவட்டப் போட்டிக்குச் சில வாரம்தான் இருந்தது. "டி.சி.யைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க மிஸ், போட்டி முடிஞ்சதும் குடுக்கலாம்" என்று ஓய்வறையில் ஒருவர் யோசனை சொன்னார். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியமே நானே அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மாவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். மீதி இருந்த பிள்ளைகள் அழுதார்கள், அவள் மேல் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அங்கே அவளுக்கு மரத்தளம், நல்ல சாப்பாடு, தினம் இரண்டு வேளைப் பயிற்சி. என் சிமென்ட் கோர்ட்டில் அவள் முழங்கால் எத்தனை வருடம் தாங்கும்?

ஆம்பூர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "பொண்ணு போனது நியாயம்தான். அந்த மத்த பசங்களுக்கு நீ இன்னா சொன்னே?" என்று கேட்டார். அவர் கேட்டது ரசிகர்களைப் பற்றியும்தான். என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த வருடமும் அவர்களோடு கோர்ட்டுக்குப் போனேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டல்லாஸில் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆட்டத்துக்கு ஆட்டம் அரங்கம் ஹாரிசனை வெளியேற்று என்று கத்தியது. டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம், மார்ச்சில் கைரி இர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. 2025 நவம்பரில் ஹாரிசனை நீக்கினார்கள். நடுவில், டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்பதற்கான குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் என்ற இளைஞர் வந்தார். லூக்காவைக் கொடுத்ததற்கு லீக் கொடுத்த கூலி அது என்று ரெப் சத்தியம் செய்வார். நான் நம்பவில்லை, குலுக்கல் குலுக்கல்தான்.

இப்போது தம்பிகளின் விவாதமெல்லாம் ஃபிளாக்கைச் சுற்றி யாரை விற்பது, யாரை வாங்குவது என்பதுதான். "எல்லா சீனியரையும் வித்துட்டு டிராஃப்ட் பிக் சேர்க்கணும் அக்கா" என்கிறான் சின்னவன். ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், ஒரு நல்ல பாயின்ட் கார்டு பக்கத்தில் இருக்கும்வரை. 19 வயதுப் பையனிடம் எல்லா ஆட்டத்திலும் பந்தைக் கொடுத்து நீயே பார்த்துக்கொள் என்று விடக் கூடாது. எனக்கு அதைவிட முக்கியம் 2028 கோடை. ஃபிளாக்கின் ஒப்பந்தத்தை நீட்டிக்க விதி இடம் தரும் முதல் நேரம் அதுதான். அப்போது அவருக்கு 21 வயது இருக்கும். ஆண்டு எத்தனை, தொகை எத்தனை என்று பேரம் பேசாமல், விதி அனுமதிக்கும் முழுத் தொகையையும் முதல் நாளே மேசையில் வைக்க வேண்டும். அதற்குள் லேக்கர்ஸிலிருந்து போன் வந்தால் எடுக்கவே கூடாது. இதை ஆம்பூர் அண்ணன் முன்னாலேயே சொன்னேன், அவரும் ஆமாம் என்றுதான் தலையாட்டினார்.