நாலு ஓம் பலகைக்கு ஒரு பவர் ஆம்ப்

ஜூன் 8, 2024, சனி

மேக்னபேன் ஸ்பீக்கர் ஜோடி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. பழையதுதான். பெட்டியே கிடையாது: ஐந்தடிக்கு மேல் உயரம், இரண்டு அங்குலத் தடிமன், உள்ளே காந்த வரிசைக்கு எதிரே மெல்லிய மைலார் தாள், அதில் ஒட்டிய கம்பி. வீணையை நான் வீட்டில் இப்படிக் கேட்டதே இல்லை, மீட்டு விழுந்த பிறகு நாதம் அடங்கும் வரை கேட்கிறது. ஆனால் தனி ஆவர்த்தனம் வந்து மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) 'தும்' விழுந்ததும், ஸ்பீக்கரை ஓட்டும் ரிசீவருக்குள் பாதுகாப்பு ரிலே 'டக்'. எல்லாம் நின்றுவிட்டது. இன்றோடு மூன்றாவது தடவை.

ஜூன் 9, ஞாயிறு

இந்த ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். ரிசீவர் மெனுவில் 4 ஓம் என்று ஓர் அமைப்பு இருந்தது, மாற்றினேன். ரிலே விழவில்லை, ஆனால் மிருதங்கமே சோர்ந்து போனது. சூட்டைக் குறைக்க வோல்ட்டேஜை இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான். பழையபடி மாற்றி வைத்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்பீக்கருக்கு 86 டெசிபெல் என்று போட்டிருக்கிறார்கள். அது 2.83 வோல்ட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில். 8 ஓமில் அது ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட். ஆக, ஒரு வாட்டுக்கு 83தான். நான் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. சராசரி 75-இல் கேட்டாலும் மிருதங்க அடி 95 வரை தாவும். தூரத்தில் குறைவதையும் இரண்டு ஸ்பீக்கர் சேர்வதையும் பார்த்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 70 வாட். பலகையில் தூரத்துக்குக் குறைவது கொஞ்சம் கம்மி, அது லாபம்.

ரிசீவர் அட்டையில் 100 வாட் இருக்கிறதே? அது 8 ஓமுக்கு. அதே 70 வாட்டுக்கு 8 ஓமில் 3 ஆம்பியர் போதும், 4 ஓமில் 4.2 வேண்டும். வோல்ட்டேஜ் குறைவாகவே வேண்டியிருப்பதால், மிச்ச வோல்ட்டேஜ் முழுக்க ட்ரான்சிஸ்டரில் சூடாகிறது. ரிலே ஏன் விழுந்தது என்று இப்போதுதான் விளங்கியது.

நல்லவேளை, இந்தப் பலகையின் ஓம் ஒரே மட்டத்தில் நிற்கும். பல பெட்டி ஸ்பீக்கர்கள் மாதிரி ஒரு சுருதியில் 3, இன்னொரு சுருதியில் 20 என்று ஆடாது.

ஜூன் 15, சனி

சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். வழக்கமாக ஆம்ப் அசெம்பிள் செய்து தரும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "வாட்டை விடுங்க தம்பி, ட்ரான்ஸ்பார்மரைப் பெருசாப் போடுவோம்" என்றார். 500 விஏ டொராய்டல் (வளைய வடிவ) ட்ரான்ஸ்பார்மர், 30-0-30 வோல்ட். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் நாலு. ஒரு பக்கத்துக்கு மூன்று ஜோடி அவுட்புட் ட்ரான்சிஸ்டர். 8 ஓமில் 80, 4 ஓமில் 150 சொச்சம் வரும். கடைப் பெட்டியில் எழுதும் எண்ணோடு பார்த்தால் சின்னதுதான். ஆனால் ஓம் பாதியானால் வாட் ஏறத்தாழ இரட்டிக்கிறதே, எனக்கு வேண்டியது அதுதான்.

ஜூன் 22, சனி

ஆம்ப் தயார். அண்ணன் அதை நேராக மெயினில் போடவில்லை, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் சுவிட்சைத் தட்டினார். பல்பு ஒரு கணம் பளீரென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிறைய நிறைய மங்கி, இழை மட்டும் செவ்வரியாக நின்று அணைந்தது. அணையாமல் எரிந்திருந்தால் எங்கோ ஷார்ட். அதன் பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அவுட்புட்டில் கசியும் டிசி வெறும் 12 மில்லிவோல்ட். ஸ்பீக்கரைத் தைரியமாக மாட்டலாம்.

ஜூன் 23, ஞாயிறு

மெல்லிசு வயரைத் தூக்கிவிட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் போட்டேன். ரிசீவரின் ப்ரீ-அவுட்டிலிருந்து (அதன் பவர் ஆம்ப்புக்கு முந்தின வெளியீடு) புது ஆம்ப்புக்கு சிக்னல். அதே கச்சேரி, அதே தனி. தொப்பி விழுந்தது. அடி மட்டுமல்ல, அதன் பின்னால் தோல் ததும்பி அடங்கும் கார்வையும் வந்தது. இத்தனை நாள் அது அந்த ரெக்கார்டிங்கில் இருப்பதே எனக்குத் தெரியாது. கோர்வை முடிந்து பாட்டு மறுபடி பல்லவியைப் பிடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. ஆம்ப்பின் ஹீட் சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடிகிற சூடு.

பலகைக்குப் பின்பக்கமும் அதே அளவு சத்தம் வருகிறது. சுவரிலிருந்து இன்னும் ஓரடி முன்னால் இழுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு.