தலை எண்ணினால் மட்டும் பங்கு வந்துவிடாது

2025 ஏப்ரலில் மத்திய அரசு சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டதிலிருந்து எங்கள் குன்னூர் பக்கம் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே பேச்சுதான்: யார் எத்தனை பேரோ அவர்களுக்கு அத்தனை பங்கு. கணக்கெடுப்பு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எண்ணினால் சாதி வளரும் என்கிறார்கள். 1931க்குப் பிறகு சென்சஸில் எல்லாச் சாதியையும் எண்ணவில்லை, அதனால் சாதி எங்கும் குறைந்துவிடவில்லை.

ஆனால் எண்ணிக்கை ஒன்றே அளவுகோல் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். தாத்தா கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் 7 பேர் ஜெயித்து நாடாளுமன்றம் போனார்கள். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. முறைப்படி, பெரும்பான்மை ஓட்டில் நிறைவேறிய சட்டம்தான், அதிலேயே தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள், அப்புறம் ஓட்டுரிமையும் போனது. 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஒரு தலையாகத்தான் தாத்தா இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்.

அதனால்தான் "எத்தனை பேரோ அத்தனை பங்கு" என்று கேட்டதும் எனக்கு எங்கள் நீலகிரியின் பழங்குடிகளான தோடர்கள் ஞாபகம் வருகிறார்கள். 2011 கணக்கில் அவர்கள் மொத்தமே 2,000 பேர் அளவுதான். நீலகிரியில் எந்த ஒரு சாதியும் பாதிக்கு மேல் இல்லை. ஆனாலும் பட்டியல் சாதியினர் 32 சதவீதம், படுகர்களுக்கும் ஓட்டுப் பலம் இருக்கிறது, எந்தக் கட்சியும் அவர்களைக் கேட்காமல் நகராது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரையும் சேர்த்தாலும் நாலரை சதவீதம்தான் வருகிறது. சட்டமன்றத்தில் பழங்குடித் தொகுதி இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். பழங்குடிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓரிடமும் அறிவிக்கப்படவில்லை, ஆகவே அந்தப் பகுதிகளில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பெசா சட்டமும் இங்கே செல்லாது. 2022ல் நெல்லியாளம் நகராட்சித் தலைவர் பதவியைப் பழங்குடிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கினார்கள், ஒதுக்கியதால் கிடைத்தது. பொதுப் பதவியாக விட்டிருந்தால் எந்தக் கட்சி சீட் கொடுத்திருக்கும்?

கூடலூர் பக்கம் ஒரு கிராம சபைக்குப் போயிருந்தேன். பணியர் பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வந்ததும் வருகை நோட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். முன்வரிசை நாற்காலி நிரம்பியிருந்தது, இவர்கள் பின்னால் சுவரோரம் தரையில். ஒரு அக்கா எழுந்து, எங்கள் குடியிருப்பான பாடிக்கு ரோடு இல்லை, பிரசவத்துக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார். "அது வனத்துறை விஷயம்மா, இங்க பேச முடியாது" என்று சொல்லி அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். அவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறவே இல்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி, இப்படிப்பட்ட ரோட்டுக்கு வன நிலம் கேட்க கிராம சபையின் பரிந்துரைதான் வேண்டும். அதாவது பேச வேண்டிய இடமே அதுதான். கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, காட்ட அந்த அக்காவின் கைநாட்டு வேண்டியிருந்தது, பேச்சு மட்டும் வேண்டாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒதுக்கீட்டுக்கு உள்ளேயும் இதே கதைதான். மாநிலத்தில் பழங்குடிகளுக்கு 1 சதவீதம். பட்டியலில் 36 பழங்குடிகள், அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சேர்வராயன், கொல்லிமலைப் பக்கத்து 'மலையாளி' என்ற பழங்குடியினர் (கேரளக்காரர்கள் இல்லை). அவர்களும் கஷ்டப்பட்டு மேலே வருகிறவர்கள்தான், அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் எட்டாவதோடு பள்ளியை விட்ட பணியர் பையன் அந்த வரிசையில் நின்று எப்போது வேலைக்குப் போவான்? பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் அருந்ததியருக்கு 2009ல் 3 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தோம், உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழங்குடி ஒதுக்கீட்டுக்குள்ளும் அதைச் செய்யலாம். எங்களைப் போல இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் நிறையப் பேர் பட்டியல் சாதிதான், சாதிச் சான்றிதழுக்கு எத்தனை தடவை எங்களை அலைய விட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பங்கைக் கேட்கிற அதே வாயால் பணியருக்கும் கேட்க வேண்டும் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், சிலருக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

வழியே இல்லாமல் இல்லை. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025ல் தமிழ்நாடு சட்டம் நிறைவேற்றியது. தேர்தலில் ஜெயித்து வரும் அளவுக்கு ஓட்டு இல்லாதவர்களுக்கும் இடம் வேண்டும் என்று அரசே ஒத்துக்கொண்ட மாதிரிதானே? அதே ஏற்பாட்டை நீலகிரியின் ஆறு பழங்குடிகளுக்கும் கொண்டு வரலாம், ஒரு திருத்தத்தோடு: ஆளை அதிகாரி பொறுக்கக் கூடாது, தோடர்களின் மந்து, பணியர்களின் பாடி என்று அந்தந்தக் குடியிருப்பே கூடித் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அந்த உறுப்பினருக்கு ஓட்டும் இருக்க வேண்டும், சொன்னது தீர்மானப் புத்தகத்திலும் ஏற வேண்டும். ஊராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் வரும்போது ஓட்டுக் கேட்டு எங்கள் லைன் வீடுகளுக்கு வருகிற ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் இதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.